ஆற்றுக் கப்பலா, கடல் கப்பலா? முன்பணம் கட்டுமுன் போட வேண்டிய முழுக் கணக்கு

ஏழு இரவுக் கடற்பயணம் தலைக்கு 900 டாலர். ஏழு இரவு ஆற்றுப் பயணம் தலைக்கு 2,600 டாலர். இரண்டு விளம்பரங்களும் அருகருகே இருந்தால் எது மலிவு என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் முதல் தொகைக்குக் கிடைப்பது கேபினும் சாப்பாடும் கப்பலின் பொழுதுபோக்குகளும் மட்டுமே. இரண்டாவது தொகையில் தினமும் வழிகாட்டியோடு ஊர் சுற்றுவது, சாப்பாட்டோடு ஒயின் அல்லது பீர், வைஃபை எல்லாம் பெரும்பாலும் அடங்கிவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் இரண்டு தொகைகளையும் ஒப்பிடவே கூடாது.

சலுகையைப் பார்த்ததும் முன்பணத்தைக் கட்டிவிட்டு, விசா, விமானம், கேபின் எல்லாவற்றையும் அப்புறம் யோசிப்பவர்கள் நிறைய. அந்த வரிசை தலைகீழானது. கீழே உள்ள வரிசையில் போங்கள்.

படி 1: தலைக்கு, ஓர் இரவுக்கு உண்மைச் செலவு எவ்வளவு?

ஒரு தாளை எடுத்து இரண்டு பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன இரண்டு பயணங்களையே எடுத்துக்கொள்வோம். கணக்கு முறையைக் காட்டுவதற்காக மட்டுமே இந்தத் தொகைகள். உங்கள் பயணத்துக்கான எண்களை நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும்.

கடற்பயணம்: கட்டணம் 900. துறைமுகக் கட்டணமும் வரிகளும் 150. டிப்ஸ் ஒரு நாளைக்கு 18 வீதம் 126. பானத் திட்டம் சேவைக் கட்டணத்தோடு நாளுக்கு 80 வீதம் 560. வைஃபை நாளுக்கு 20 வீதம் 140. நான்கு துறைமுகங்களில் கப்பல் நிறுவனத்தின் கரைச் சுற்றுலா, ஒவ்வொன்றும் 90 வீதம் 360. மொத்தம் 2,236. ஓர் இரவுக்கு ஏறத்தாழ 319 டாலர்.

ஆற்றுப் பயணம்: கட்டணம் 2,600. டிப்ஸ் நாளுக்கு 15 வீதம் 105. மொத்தம் 2,705. ஓர் இரவுக்கு 386 டாலர்.

விளம்பரத்தில் மூன்று மடங்காகத் தெரிந்த இடைவெளி, உண்மையில் ஐந்தில் ஒரு பங்குதான்.

ஆனால் இதே கணக்கை இன்னொருவர் போட்டால் விடை மாறிவிடும். மது அருந்தாதவர், கப்பலில் இணையம் வேண்டாம் என்பவர், துறைமுகத்தில் இறங்கித் தானாகவே நடந்து ஊரைப் பார்ப்பவர் என்றால் கடற்பயணத்துக்கு அவர் கொடுப்பது 900, 150, 126 சேர்த்து 1,176 மட்டுமே. ஓர் இரவுக்கு 168. ஆற்றுப் பயணமோ அவருக்கும் அதே 386தான். ஒயினைத் தொடாததற்காக யாரும் பணத்தைத் திருப்பித் தரப் போவதில்லை. ‘எல்லாம் உள்ளடக்கம்’ என்பது, உள்ளடங்கியதை நீங்கள் பயன்படுத்தினால்தான் லாபம். அதனால் இந்தத் தாளை உங்கள் பழக்கத்தை வைத்து நிரப்புங்கள். விளம்பரம் சொல்லும் ஆசையை வைத்து நிரப்பாதீர்கள்.

பானத் திட்டத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஒரு காக்டெயில் 14 டாலர், அதன்மேல் 18 விழுக்காடு சேவைக் கட்டணம் என்றால் ஏறத்தாழ 16.50. நாளுக்கு 80 டாலர் திட்டம் ஈடாக வேண்டுமானால் தினமும் ஐந்து குடிக்க வேண்டும், பகல் முழுக்க ஊர் சுற்றப் போகும் நாட்களிலும். இன்னொரு நிபந்தனையையும் கவனியுங்கள்: ஒரே கேபினில் இருக்கும் பெரியவர்களில் ஒருவர் மதுத் திட்டத்தை வாங்கினால் மற்றவரும் வாங்கியாக வேண்டும் என்று பல கடல் நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. காபியும் குளிர்பானமும் மட்டும் போதும் என்பவர்களுக்குத் தனியாக ஒரு மலிவான திட்டம் பெரும்பாலும் இருக்கும்.

டிப்ஸ் விஷயத்தில் அமெரிக்கச் சந்தையில் இயங்கும் பெரிய கடல் நிறுவனங்கள் தலைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் சேர்த்துவிடும். சூட் கேபின்களில் இன்னும் கூடுதல். குழந்தைக்கும் பெரும்பாலும் இதே தொகைதான். நால்வர் குடும்பத்துக்கு ஒரு வாரத்தில் இது மட்டுமே 500 டாலரை எட்டும். ஆற்றுக் கப்பல்களில் சில நிறுவனங்கள் இதைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகின்றன, சில கடைசி நாளில் உறையில் போடச் சொல்கின்றன. எது என்று முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தாளில் இன்னும் மூன்று வரிகள் உண்டு, பலர் விட்டுவிடுபவை. முதலாவது விமானக் கட்டணம். ஆற்றுப் பயணம் பெரும்பாலும் ஓர் ஊரில் தொடங்கி இன்னோர் ஊரில் முடியும் (ஆம்ஸ்டர்டாமில் ஏறி புடாபெஸ்டில் இறங்குவதுபோல), ஆகவே போகும் ஊர் ஒன்று, திரும்பும் ஊர் வேறு என்று டிக்கெட் எடுக்க வேண்டும். இரண்டாவது, ஏறும் நாளுக்கு முந்தைய இரவு விடுதி. மூன்றாவது, விமான நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே வண்டி. இவை மூன்றும் சேர்ந்து ஒரு மலிவான கப்பலை விலை கூடிய பயணமாக்கிவிடும்.

தனியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு சுமை: கட்டணங்கள் ஒரு கேபினுக்கு இருவர் என்ற கணக்கில் போடப்படுவதால், ஒருவர் மட்டும் தங்கினால் இரட்டிப்பு வரை கேட்பார்கள். நார்வீஜியன் நிறுவனம் 2010இல் எபிக் கப்பலில் ஒற்றை நபர் கேபின்களைக் கொண்டுவந்தது. இப்போது வேறு சில நிறுவனங்களிலும் இருக்கின்றன. அவை எண்ணிக்கையில் குறைவு என்பதால் சீக்கிரமே தீர்ந்துவிடும். ஆற்று நிறுவனங்கள் பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இந்தக் கூடுதல் தொகையைக் குறைப்பதுண்டு, சில சமயம் முழுதாகவே விட்டுவிடுவதுண்டு. அதற்கு நேர்மாறாக, பெரிய கடல் கப்பல்களில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் வெகுவாகக் குறையும். குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்குக் கடல் கப்பலை மலிவாக்குவது இதுதான்.

படி 2: கப்பலின் அளவு எதைத் தருகிறது, எதைத் தராது

மத்திய ஐரோப்பிய ஆறுகளில் ஓடும் கப்பல்கள் பெரும்பாலும் 135 மீட்டர் நீளத்தையும் 11.45 மீட்டர் அகலத்தையும் தாண்டுவதில்லை. கப்பலை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்க வழியிலுள்ள நீர்மதகுகளின் அகலம் 12 மீட்டர்தான் என்பதே காரணம். அதற்குள் 150 முதல் 190 பேர்வரை. எனவே நீச்சல் குளம் என்பது பெயருக்கு ஒரு தொட்டி, அரங்கம் கிடையாது, ஒரு சாப்பாட்டு அறை, ஒரு ஓய்வுக்கூடம், மாலையில் ஒரு பியானோ. கப்பலையே ஊராக எண்ணி வருபவர்கள் மூன்றாம் நாளிலேயே சலித்துப்போவார்கள். ஊர்களைப் பார்க்க வருபவர்களுக்கு இதைவிடச் சரியான ஏற்பாடு இல்லை: தினமும் ஓர் ஊர், பல இடங்களில் இறங்கினால் நடந்து போகும் தொலைவில் ஊரின் மையம்.

கடல் கப்பலின் மறுஎல்லை 2024இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ். கேபினுக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகள், மொத்த டன்னேஜ் (கப்பலின் உள்ளளவைக் காட்டும் எண், எடை அல்ல) 248,663. நெரிசலை ஊகிக்க ஓர் எளிய வகுத்தல் உண்டு: மொத்த டன்னேஜைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இந்தக் கப்பலுக்கு 44 வருகிறது. 30க்குக் கீழே என்றால் வரிசையில் நிற்கும் நேரம் கூடும். 50ஐத் தாண்டினால் தாராளம். ஆனால் இந்தக் கணக்கு இருவர் வீதம் போடப்பட்டது. பள்ளி விடுமுறையில் மூன்று, நான்கு பேர் தங்கும் கேபின்கள் நிறைவதால் அதே கப்பல் வேறு மாதிரி இருக்கும்.

வயது விதிகளையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். சில ஆற்று நிறுவனங்கள் குழந்தைகளை ஏற்பதே இல்லை. வைக்கிங் நிறுவனத்தின் கப்பல்களில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கடல் நிறுவனங்களில் பொதுவாக ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு இடமில்லை, பெருங்கடலைக் கடக்கும் பயணமானால் பன்னிரண்டு மாதம். கர்ப்பிணிகள் பயணத்தின் எந்த நாளிலும் 24ஆம் வாரத்துக்குள் நுழையக் கூடாது என்பது பெரும்பாலான நிறுவனங்களின் விதி. ஏறும் நாளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் தவறாகும், இறங்கும் நாளையும் பாருங்கள்.

படி 3: ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், மணி நேரத்தை எண்ணுங்கள்

எந்தப் பயணத்தையும் மதிப்பிட இதைவிட நல்ல வழி இல்லை, ஆனால் மிகக் குறைவானவர்களே செய்கிறார்கள். பயண அட்டவணையில் ‘ரோம்’ என்று இருந்தால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில், ரோமிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ‘ஃப்ளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோ, ஏறத்தாழ 90. ‘பாரிஸ்’ என்றால் லா ஆவ்ர், ஏறத்தாழ 200. ‘பெர்லின்’ என்றால் வார்னமுண்டே. போக மட்டுமே மூன்று மணி நேரம் ஆகலாம். ‘லண்டன்’ பெரும்பாலும் சவுத்தாம்ப்டன். வெனிஸில் 2021 ஆகஸ்ட் முதல் மொத்த டன்னேஜ் 25,000க்கு மேற்பட்ட கப்பல்கள் நகரின் முகப்பு வழியாகச் செல்லத் தடை. ‘வெனிஸ்’ என்று விற்கப்படும் பயணம் மர்கேராவிலோ ராவென்னாவிலோ திரியெஸ்தேயிலோ தொடங்கலாம்.

இப்போது மணிக்கணக்கு. கப்பல் காலை 7 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்புகிறது என்று வையுங்கள். அனுமதி கிடைத்து இறங்க ஒரு மணி நேரம் போகலாம். கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் ஏறிவிட வேண்டும். பதினொரு மணி நேரம் ஒன்பதாகிவிட்டது. ரோமுக்குப் போய் வர மூன்று மணி நேரம் கழித்தால் ஆறு. கப்பல் கரையைத் தொடாமல் நங்கூரமிட்டு நின்று, சிறு படகில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோகும் துறைமுகமானால் (சாண்டோரினி, கிராண்ட் கேமன் போன்றவை) வரிசைக்கே இன்னும் ஒரு மணி நேரம் போகும். காற்று பலமாக இருந்தால் அந்த ஊரையே விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். அட்டவணையில் இத்தகைய துறைமுகங்கள் இரண்டுக்கு மேல் இருந்தால் அவற்றில் ஒன்றைப் பார்க்க முடியாமல் போகலாம் என்று மனதைத் தயார்செய்துகொண்டே பதிவுசெய்யுங்கள்.

ஒவ்வொரு ஊருக்கும் இப்படிக் கழித்துக் கிடைக்கும் கரை நேரத்தைக் கூட்டுங்கள். படி 1இன் மொத்தச் செலவை அந்த மணி நேரத்தால் வகுங்கள். ஊர் பார்க்கவே போகிறவர்களுக்கு இந்த எண்தான் முடிவுசெய்யும். கடலையும் ஓய்வையும் தேடிப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் கப்பல் நாள் முழுக்கக் கடலிலேயே இருக்கும் நாட்களை எண்ணலாம்.

ஆற்றுப் பயணமும் இதில் சுத்தமில்லை. டான்யூப் ஆற்றுப் பயண விளம்பரத்தில் பிராக் இருந்தால், கப்பல் அங்கே போகாது. அந்த ஊர் டான்யூபின் கரையிலேயே இல்லை. பேருந்தில்தான் கூட்டிப்போவார்கள், விடுதி இரவுகளும் பயண இரவுகளாக எண்ணப்பட்டிருக்கும். வியன்னாவில் கப்பல்துறை நகர மையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நல்ல வேளையாக நிலத்தடி ரயில் பக்கத்திலேயே உண்டு. பகலில் எந்தப் பகுதியைக் கடக்கிறது என்றும் கேளுங்கள். ரைன் ஆற்றில் கோட்டைகள் நிறைந்த பள்ளத்தாக்கையும் டான்யூபில் ஆஸ்திரியாவின் வாஹாவ் பள்ளத்தாக்கையும் இரவில் கடக்கும் அட்டவணை பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம் என்றே சொல்வோம். போர்ச்சுக்கலின் டோரோ ஆற்றில் இந்தக் கவலை இல்லை. அங்கே பயணிகள் கப்பல்கள் இரவில் ஓடுவதில்லை.

படி 4: நீர்மட்டமும் பருவமும்

ஆற்றுப் பயணத்தின் மிகப் பெரிய அபாயம் புயல் அல்ல, தண்ணீரின் அளவு. மழை குறைந்து நீர் வற்றினால் கப்பலின் அடி தட்டும். வெள்ளம் வந்தால் பாலத்தின் அடியில் கப்பல் நுழைய இடமிருக்காது. இரண்டிலும் விளைவு ஒன்றே: தடைப்பட்ட பகுதிக்கு இந்தப் பக்கம் ஒரு கப்பல், அந்தப் பக்கம் அதேபோன்ற இன்னொரு கப்பல் என்று வைத்துக்கொண்டு பயணிகளைப் பேருந்தில் மாற்றுவார்கள். அதுவும் முடியாவிட்டால் கப்பல் நின்ற இடத்திலேயே விடுதியாகிவிடும், நாள் முழுக்கப் பேருந்துப் பயணம்தான்.

ரைனில் கவுப் என்ற ஊரின் நீர்மட்டமானி எல்லோரும் கவனிக்கும் இடம். 2018 இலையுதிர் காலத்திலும் 2022 கோடையிலும் அங்கே நீர் மிகவும் இறங்கியது. டான்யூபில் சிக்கலான இடம் ஜெர்மனியின் ஷ்ட்ராவ்பிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அங்கே அணைமதகுகள் இல்லாமல் ஆறு இயல்பாக ஓடுவதால் ஆழத்தைக் கட்டுப்படுத்த முடியாது. அதனால் நூரெம்பர்கில் தொடங்கும் பயணத்தைவிடப் அந்தப் பகுதியைத் தாண்டிக் கீழே இருக்கும் பாஸாவிலிருந்து புடாபெஸ்டுக்குப் போகும் பயணத்துக்கு வறட்சியால் வரும் இடர் குறைவு. எல்ப் ஆறு அடிக்கடி வற்றும். மோசல், ரோன், டோரோ ஆகியவை வரிசையாக அணைகளும் மதகுகளும் கட்டப்பட்டவை என்பதால் கோடையில் நம்பகமானவை.

பொதுவாக ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நீர் குறையும் காலம். பனி உருகும் வசந்த காலத்தில் வெள்ள வாய்ப்பு. ஆனால் 2013 ஜூனிலும் 2024 செப்டம்பரிலும் டான்யூபில் பெருவெள்ளம் வந்தது. எந்த மாதமும் முழுப் பாதுகாப்பு அல்ல. முன்பதிவுசெய்யும் முன் நிறுவனத்திடம் இரண்டே கேள்விகள்: அந்த நாட்களில் எதிர்த்திசையில் அதேபோன்ற கப்பல் ஓடுகிறதா? பயணம் பேருந்துப் பயணமாக மாறினால் எத்தனை நாளுக்குப் பிறகு பணமோ தள்ளுபடியோ தருவீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ‘கவலைப்படாதீர்கள்’ என்பது பதில் அல்ல.

நைலில் லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே மூன்று, நான்கு அல்லது ஏழு இரவுப் பயணங்கள். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதால் விலை குறையும், அந்தக் குறைப்புக்குப் பின்னால் இருப்பது நண்பகலில் கோயில்களுக்குள் நிற்கவே முடியாத வெப்பம். மெகாங் பயணத்தில் வறண்ட மாதங்களில் கம்போடியாவின் தோன்லே சாப் ஏரியில் கப்பல் நுழைய முடியாது. சியெம் ரீப் நகரிலிருந்து பல மணி நேரம் பேருந்தில் வந்துதான் ஏறுவீர்கள்.

கடலில் அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. கரீபியன் கட்டணம் செப்டம்பரில் குறைவது அதனால்தான். கப்பல்கள் புயலைச் சுற்றிப் போய்விடும் என்பதால் ஆபத்து குறைவு, ஆனால் நீங்கள் பணம் கட்டிய தீவுக்குப் பதில் வேறு தீவு வரலாம். அலாஸ்காவுக்கு மே முதல் செப்டம்பர் வரை. அந்த இரண்டு ஓர மாதங்களிலும் விலை இறங்கும். பருவம் மாறும்போது கப்பல்கள் ஒரு கடலிலிருந்து இன்னொன்றுக்கு இடம்பெயரும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் பயணங்களில் ஓர் இரவின் கட்டணம் மிகக் குறைவாக இருக்கும். கடலிலேயே கழியும் நாட்கள் அதிகம், ஒருவழி விமான டிக்கெட் தேவை. வாசிப்பும் அமைதியும் விரும்புபவர்களுக்கு இதைவிட நல்ல பேரம் கடலில் கிடையாது.

படி 5: கேபின்

கப்பலின் தளவரைபடத்தைத் திறந்து, உங்கள் கேபினுக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் குளத் தளம் என்றால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம். கீழே அரங்கமோ மதுக்கூடமோ என்றால் நள்ளிரவு வரை தாளம். மேலும் கீழும் கேபின்களே இருக்கும் தளம்தான் நிம்மதி. குமட்டல் வரும் என்று அஞ்சுபவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் எடுங்கள். ஆட்டம் அங்கே மிகக் குறைவு. வெளிப்பார்வை கேபின் வழக்கத்தைவிட மலிவாக இருந்தால் சன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்று கேளுங்கள்.

ஆற்றுக் கப்பலில் வேறு கணக்கு. கீழ்த்தளக் கேபினில் சன்னல் கூரையை ஒட்டிய சிறு பட்டை மட்டுமே, வெளியே தண்ணீர் கிட்டத்தட்ட அதே உயரத்தில். மின்தூக்கி பெரும்பாலும் அந்தத் தளத்துக்கு இறங்காது. ஆனால் சாப்பாடும் சுற்றுலாவும் மேல்தளக் கேபின்காரர்களுக்குக் கிடைக்கும் அதேதான். நடுத்தளத்தில் ‘ஃபிரெஞ்சு பால்கனி’ என்பது கம்பித் தடுப்போடு திறக்கும் கண்ணாடிக் கதவு. வெளியே நாற்காலி போட முடியாது. முழு பால்கனிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் முன் இதை யோசியுங்கள்: துறையில் இடம் குறைவு என்பதால் கப்பல்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும், உங்கள் பால்கனிக்கு எதிரே கையெட்டும் தூரத்தில் இன்னொரு கப்பலின் கேபின் இருக்கும். பகலில் நீங்கள் ஊருக்குள், இரவில் கப்பல் ஓட்டத்தில். பால்கனிக்கான பணத்தை இன்னும் நல்ல அட்டவணைக்குக் கொடுப்பது பெரும்பாலும் மேல். வால்பக்கக் கேபின்களில் இயந்திரச் சத்தம் கேட்கும். உறக்கம் லேசானவர்கள் தவிர்க்க வேண்டும்.

மூட்டுவலியோ சக்கர நாற்காலியோ இருந்தால் இங்கேயே நின்று யோசிக்க வேண்டும். ஒட்டி நிற்கும் கப்பல்களைக் கடக்க அடுத்த கப்பலின் மேல்தளத்துக்கு ஏறி இறங்க வேண்டியிருக்கும், நீர் இறங்கினால் நடைப்பாலம் செங்குத்தாகும், பழைய ஊர்களின் தெருக்கள் கல் பதித்தவை. புதிய, பெரிய கடல் கப்பல்கள் இதில் எவ்வளவோ மேல். அவற்றிலும் சிறு படகில் இறங்கும் துறைமுகங்களில் சக்கர நாற்காலியை அனுமதிக்காமல் போகலாம்.

‘உத்தரவாதக் கேபின்’ என்ற பெயரில் சற்று மலிவாக வருவது, வகையை மட்டும் உறுதிசெய்து இடத்தை நிறுவனமே ஒதுக்கும் முறை. மேலே சொன்ன எதுவும் பொருட்டில்லை என்பவர்களுக்கு நல்லது. மற்றவர்கள் எடுக்கக் கூடாது. ஏலத்தில் கேபினை உயர்த்தும் வாய்ப்பு வந்தால், நீங்கள் எழுதும் தொகை பெரும்பாலும் தலைக்கு என்பதை மறக்காதீர்கள், இருவருக்கு இரட்டிப்பு. ஏலம் வென்றால் கவனமாகத் தேர்ந்தெடுத்த இடமும் போய்விடும்.

படி 6: எப்போது, யாரிடம், எந்த நிபந்தனையில்

ஆற்றுக் கப்பலில் கேபின்கள் எண்ணிக்கையே நூற்றுக்குள்தான். குறிப்பிட்ட வாரம், குறிப்பிட்ட தளம் வேண்டுமானால் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு முன்பே பதிவுசெய்ய வேண்டும். மார்ச், நவம்பர் போன்ற ஓர மாதங்களில் மட்டுமே கடைசி நேரச் சலுகைக்குக் காத்திருக்கலாம். கடல் நிறுவனங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை சலுகைகளைக் குவிக்கும். அப்போதும் கட்டணம் குறைவதைவிட, கப்பல் கணக்கில் வரவு (கப்பலில் செலவழிக்கத் தரும் தொகை), இலவச வைஃபை என்று கூடுதல்களே அதிகம் வரும். அந்தக் கூடுதல்கள் உங்கள் தாளில் இருந்தால் மட்டுமே அவற்றுக்கு மதிப்புப் போடுங்கள்.

மீதித்தொகை கட்ட வேண்டிய நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கடல் பயணங்களில் அது பொதுவாகப் புறப்பாட்டுக்கு 75 முதல் 120 நாள் முன்பு. சில ஆற்று நிறுவனங்கள் பல மாதங்கள் முன்பே முழுத்தொகையும் கேட்கின்றன. அந்த நாள் வரை ரத்துசெய்தால் முன்பணம் திரும்பும் (திரும்பாத முன்பணத் திட்டத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காமல் இருந்தால்). அதன் பிறகு இழப்பு பாதி, முக்கால், முழுவதும் என்று படிப்படியாக ஏறும். அந்த நாளுக்கு முன் அதே கேபின் வகையின் விலை இறங்கினால் புதிய விலைக்கு மாற்றித் தரச் சொல்லலாம். பல நிறுவனங்கள் செய்யும், ஆனால் நீங்கள் கேட்டால்தான். வாரம் ஒருமுறை விலையைப் பாருங்கள், இறங்கியதும் திரையைப் படமெடுத்து அனுப்புங்கள். பழைய பதிவின் சலுகைகள் புதிய விலையில் போய்விடாதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பலரும் ரத்துசெய்யும் நேரமும் இதுவே என்பதால், கடைசி நேரத்தில் தேடுபவர்களுக்கு நல்ல கேபின்கள் கண்ணில் படுவதும் இந்த நாளை ஒட்டித்தான்.

கப்பல் பயணங்களில் அனுபவமுள்ள முகவர் வழியாகப் பதிவுசெய்தால் பெரும்பாலும் அதே விலைதான். அவருக்குக் கமிஷன் தருவது நிறுவனம். நல்ல முகவர் அதில் ஒரு பகுதியைக் கப்பல் கணக்கில் வரவாகக் கொடுப்பார், விலை இறங்கினால் அவரே கவனிப்பார். குறை என்னவென்றால், பிறகு எந்த மாற்றத்துக்கும் நிறுவனம் உங்களோடு நேரடியாகப் பேசாது. அவர் தொலைபேசியை எடுக்காதவர் என்றால் நீங்களே பதிவுசெய்வது நல்லது.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது பாதை மாற்றம் பற்றிய பத்தியைத் தேடுங்கள். துறைமுகத்தை விடவும் மாற்றவும் நிறுவனத்துக்கு முழு உரிமை இருக்கும். திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் அந்தத் துறைமுகத்தின் வரி மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொகுப்புப் பயணமாக வாங்கியிருந்தால் கொஞ்சம் பலம் உண்டு: விற்ற பிறகு விலையை 8 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றினால் நீங்கள் கட்டணமின்றி விலகலாம்.

படி 7: விசாவும் காப்பீடும்

கப்பல் எத்தனை முறை ஒரு விசாப் பகுதியை விட்டு வெளியேறி மீண்டும் நுழைகிறது என்று எண்ணுங்கள். புடாபெஸ்டிலிருந்து செர்பியா வழியாக பல்கேரியாவுக்கும் ருமேனியாவுக்கும் போகும் டான்யூப் பயணம் நல்ல உதாரணம். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் செர்பியா இல்லை. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழு உறுப்பினர்கள். ஆகவே இடையில் வெளியேறி மீண்டும் நுழைகிறீர்கள், ஒருமுறை நுழைவு விசா போதாது. அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறிக் கரீபியன் போய் அங்கேயே திரும்பும் பயணமும் இதே வகை. கரையிறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தாலும் பயனில்லை. தேவையான விசா இல்லையென்றால் தொடக்கத் துறைமுகத்திலேயே ஏறவிட மாட்டார்கள், பணமும் திரும்பாது. பாஸ்போர்ட் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும்.

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசாவுக்காக எடுக்கும் மலிவுக் காப்பீடு கப்பல் பயணத்துக்குப் போதாது. கடலின் நடுவிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுபோக நேர்ந்தால் செலவு பல்லாயிரம் டாலர். உங்கள் காப்பீட்டில் தேட வேண்டியவை: கப்பல் பயணம் என்ற சொல் தெளிவாக இருக்கிறதா, மருத்துவ மீட்பு, விமானத் தாமதத்தால் கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகம் வரை போகும் செலவு, ஏற்கெனவே உள்ள நோய்கள். கடைசியாகச் சொன்னதற்குச் சில காப்பீடுகள் முதல் முன்பணம் கட்டிய சில நாட்களுக்குள் எடுத்தால்தான் பொறுப்பேற்கும். கடல் கப்பலில் மருத்துவர் உண்டு, கட்டணம் நேராக உங்கள் கணக்கில் ஏறும், ரசீதை வாங்கிப் பிறகு காப்பீட்டில் கோர வேண்டும். ஐரோப்பிய ஆற்றுக் கப்பல்களில் பொதுவாக மருத்துவரே இல்லை. கரை எப்போதும் அருகில் இருப்பதால் அங்கே அழைத்துச் செல்வார்கள்.

படி 8: ஏறும் நாள் முதல் இறங்கும் நாள் வரை

ஏறும் ஊருக்கு முந்தைய நாளே போய்ச் சேருங்கள். இதைச் சிக்கனமாக்க நினைப்பவர்கள் ஓர் இரவு விடுதிக் காசுக்காக முழுப் பயணத்தையும் பணயம் வைக்கிறார்கள். பெட்டியைக் கப்பல்காரர்களிடம் கொடுத்தால் மாலைதான் கேபினுக்கு வரும். மருந்து, பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மின்னழுத்தப் பாதுகாப்புள்ள நீட்டிப்புப் பலகை ஆகியவற்றைப் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

கப்பலில் எல்லாம் கேபின் அட்டையில் எழுதப்படும். அதோடு இணைக்க டெபிட் அட்டையைக் கொடுக்காதீர்கள். தினமும் ஒரு தொகையை நிறுவனம் முடக்கிவைக்கும், இறங்கிய பிறகும் பல நாள் உங்கள் பணம் வங்கியில் சிக்கியிருக்கும். கடன் அட்டையே சரி. கணக்கை உங்கள் நாட்டு நாணயத்துக்குத் தாங்களே மாற்றித் தருவதாகச் சொன்னால் மறுத்து, கப்பலின் நாணயத்திலேயே கழிக்கச் சொல்லுங்கள். அவர்கள் மாற்று விகிதத்தில் கூடுதல் தொகை ஒளிந்திருக்கும். கரையை விட்டதும் கைபேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றி வைஃபையை மட்டும் இயக்குங்கள். கடல் கப்பலின் செல்பேசி வலையில் அது தானாக இணைந்துவிட்டால் வரும் ரசீது அதிர்ச்சி தரும்.

கரையில் தனியாகச் சுற்றுவது மலிவு, பல ஊர்களில் இன்னும் நல்லதும்கூட. ஆனால் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாகப் போய்த் தாமதித்தால் கப்பல் கிளம்பிவிடும். துறைமுகத்திலிருந்து நடக்கும் தொலைவில் ஊர் இருந்தால் தனியாகப் போங்கள். ரோம், பெர்லின் போல நெடுந்தொலைவு என்றால் அவர்களோடு போங்கள். ஊர் நேரமும் கப்பல் நேரமும் சில இடங்களில் ஒரு மணி வேறுபடும். திரும்ப வேண்டிய நேரம் கப்பல் கடிகாரத்தின்படிதான்.

கடைசி இரவில் கணக்கு ரசீதை வரிவரியாகப் படியுங்கள், தவறு இருந்தால் அன்றிரவே சேவை மேசைக்குப் போங்கள். மறுநாள் காலை அங்கே நீண்ட வரிசை நிற்கும், இறங்கிய பிறகு மின்னஞ்சலில் வாதாட வாரக்கணக்கில் ஆகும். ஆற்றுக் கப்பலில் காலை 9 மணிக்குள் கேபினைக் காலிசெய்யச் சொல்வார்கள். பெரிய கடல் கப்பலில் 7 முதல் 10 மணி வரை பகுதி பகுதியாக இறக்குவார்கள். துறைமுகத்துக்கு அருகே விமான நிலையம் இருந்தாலும் நண்பகலுக்கு முன் கிளம்பும் விமானத்தை எடுக்காதீர்கள். சிவிட்டாவெக்கியா, சவுத்தாம்ப்டன் போன்ற இடங்களில் இறங்கி ரோம், லண்டன் விமான நிலையங்களுக்குப் போக வேண்டியிருந்தால் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு கிளம்பும் விமானமே பாதுகாப்பு.